கூரைக்கு ஒரு வாக்கு

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரோனிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லாப் மேல்மாடியில். வெளியே மழையா என்று அறிய யன்னலைப் பார்க்கத் தேவையில்லை. சோல்டர் பண்ணுகிற மேசையில் மஞ்சள் வாளி ஏறியிருந்தால் மழை, இரண்டு வாளி என்றால் பெருமழை. மின்சாரம் படிக்கிற அறைக்குள் தண்ணீர் சொட்டுகிறதே என்று ஒருவருக்கும் வெட்கமில்லை. ஒக்டோபரில் ஒருநாள் சுவரிலிருந்த ஸ்விச் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிப் புகை வந்தது. லாப்பைப் பூட்டிவிட்டார்கள்.

கல்லூரியைக் கேட்டால் அரசு காசு தரவில்லை என்றது. அரசைக் கேட்டால் கஜானா காலி என்றது. கடைசியில் எங்களிடமே வந்தார்கள். கல்லூரி வங்கியில் கடன் எடுத்துக் கூரையைத் திருத்தும். அந்தக் கடனுக்காக ஒவ்வொரு தவணையும் எங்கள் கட்டணத்தில் கொஞ்சம் கூடும். சம்மதமா என்று மாணவர்களிடம் மூன்று நாள் வாக்கெடுப்பு. ஆனால் குறிப்பிட்ட அளவு ஆட்களாவது வந்து வாக்குப் போட்டால்தான் முடிவு செல்லும். இல்லாவிட்டால் தைமாதம் தொடக்கம் எங்கள் லாப் வகுப்பு றிச்மண்ட் ஹில் பக்கம் ஒரு வாடகைக் கட்டடத்தில், பின்னேரத்தில் நடக்கும். போக மூன்று பஸ். எனக்கோ பின்னேரத்தில் பாக்டரி வேலை. ஆறு மாதம் கெஞ்சி எடுத்த வேலை அது. கூரை ஒழுகினால் என் வேலை போகும், விஷயம் அவ்வளவுதான்.

ஆகவே கன்ரீனுக்குப் போனேன். அங்கே யன்னலோரத்து இரண்டு மேசை எங்கள் தமிழ் ஆட்களுடையது. வகுப்புக்கு வராதவனையும் அங்கே காணலாம். காலை பத்து மணிக்குத் தொடங்கும் முன்னூற்றிநாலு சீட்டாட்டம் கன்ரீன்காரி மொப்போடு வந்து கலைக்கும்வரை நடக்கும். வாக்குப்பெட்டியும் தூரத்தில் இல்லை. வாசலுக்கு வெளியே, எட்டிப் பார்த்தால் தெரிகிற இடத்தில் இருந்தது.

"தம்பிமார், ஒருக்கா எழும்பிப் போய்ப் போட்டிட்டு வாங்கோ."

"ஓம் அக்கா, உந்த ஆட்டம் முடிய வாறம்."

இன்னொருவன் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "கவர்மெண்டு கட்டட்டுமன் அக்கா. அடுத்த வருசம் நாங்கள் இஞ்சை இல்லை. வாறவன் நனையட்டும்," என்றான். துரும்பு கேட்பதற்கு இருக்கிற மூளை இதற்கு இல்லை. முதல் நாள் கெஞ்சினேன். இரண்டாம் நாள் ஏசினேன். மூன்றாம் நாள் தலையால் தண்ணீர் குடித்தேன். ஓம் அக்கா, ஓம் அக்கா என்று எல்லோரும் தலையாட்டினார்கள், ஒரு கதிரையாவது பின்னால் நகரவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம், நாலு மணிக்கு வாக்கெடுப்பு முடிய அரை மணித்தியாலம் இருக்கும்போது, என் பொறுமை போய்விட்டது. மேசையில் அடித்துக் கத்தினேன். அங்கே ஒரு அண்ணை இருந்தார். லாப்பில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர், ஊரில் ஆசிரியராக இருந்தவர், என்னைவிடப் பத்து வயது மூப்பு. அவர்தான் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கத்தாதையும். வாக்குப் போடுற இடத்திலை ஒரு பெயர் லிஸ்ற் வச்சிருக்கினம். பெயருக்கு நேரை சைன் வைக்கச் சொல்லீனம். என்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. உவங்கள் கனபேருக்கும் முடியேல்லை."

"அண்ணை, உது கூரை திருத்திற லிஸ்ற். இமிக்ரேசனுக்கும் உதுக்கும் என்ன சம்பந்தம்?"

"லிஸ்ற் எண்டால் லிஸ்ற்தான்."

எனக்கு விசர் பிடித்தது. விசர் பிடித்ததற்குக் காரணம் அவர் சொன்னது முழுப்பொய் இல்லை என்பதுதான். யுத்தம் நடக்கிற ஊரில் வாக்குப் போட்டால் ஏன் போட்டாய் என்று ஒரு பகுதி கேட்கும், போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று மற்றப் பகுதி கேட்கும். ஆயினும் இது ஸ்காபரோ, இது கூரை, வாக்குப்பெட்டி மேசையில் இருப்பவள் பத்தொன்பது வயதுப் பெட்டை என்று அவருக்கு விளக்கினேன். படித்த மனிசன் இப்படிப் பயந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்றும் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப நீர் போட்டிட்டீரோ?"

நான் போடவில்லை.

முதல் நாளே போனேன். அந்தப் பெட்டை சிரித்தாள், பட்டியலில் என் பெயருக்குக் கீழே கோடு போடுகிற அடிமட்டத்தை வைத்தாள், பேனையை நீட்டினாள். முப்பது வயதில் அதுதான் எனக்கு முதல் வாக்காக இருந்திருக்கும். என் கேஸ் முடிந்து இரண்டு வருடம், கையில் முழுப் பேப்பரும் இருக்கிறது. என்றாலும் அச்சடித்த என் முழுப்பெயரைப் பார்த்ததும் கை எழும்பவில்லை. வகுப்பு முடிய வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு, மற்றவர்களைத் துரத்துகிற வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்று நாளும் அந்த மேசையைச் சுற்றிப் போனேன்.

அண்ணையின் கோட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். "எழும்புங்கோ, ரண்டு பேரும் போவம்," என்றேன். அவர் யோசித்தார். கோட்டைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். நாங்கள் வாசலுக்குப் போனபோது நாலு மணி தாண்டிவிட்டது. அந்தப் பெட்டை வாக்குப்பெட்டியின் வாயை ஒட்டி மூடிக்கொண்டிருந்தாள். மன்னிக்கச் சொன்னாள். பின்னால் கன்ரீனில் யாரோ ஆட்டம் வென்று கத்தினார்கள்.

வந்தவர்களில் பெரும்பகுதி ஓம் என்றுதான் போட்டிருந்தார்கள். வந்த ஆட்கள்தான் காணாது, கேட்ட அளவுக்குக் குறைவு. எங்கள் இரண்டு மேசையும் எழும்பிப் போயிருந்தால் காணும்.

பாக்டரி வேலையை விட்டேன். விடிய ஐந்து மணிக்கு டோனட் கடை, பின்னேரம் மூன்று பஸ். தைமாதத்தில் ஒருநாள் மூன்றாவது பஸ் வராமல், பனிக்குள் அரை மணித்தியாலம் நானும் அண்ணையும் நின்றோம். அவர் காலை உதறிக்கொண்டு, "உந்தக் கூரையை அப்பவே ஆராவது திருத்தியிருக்கலாம்," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைப் பனிக்குள் தள்ளியிருக்க வேண்டும். பஸ் வருகிறதா என்று றோட்டை எட்டிப் பார்த்தேன். அந்த ஆராவதில் நானும் ஒருத்தி.