எழுபத்திரண்டு துடிப்பு

பேசிக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்துவிடுவார் பொன்னி. எதிரே வருபவன் இருபது வயதுக்காரனாக இருந்தால், "இன்னா நைனா, நாஸ்தா ஆச்சா?" என்று கேட்கும்போதே அவருடைய இரண்டு விரல்களும் அவன் நாடியில் இருக்கும். கண் கைக்கடிகார முள்ளில். எண்பதுக்குள் இருந்தால் முதுகில் ஒரு தட்டு. மிகவும் தாண்டிப்போனால், "குந்து. யார் மேல கோவம்?"

செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் இருக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் இது பழகிப்போனது. ஒரு தொண்டு நிறுவனம் அங்கே நடத்தும் இளைஞர் நலத் திட்டத்தின் களப்பணியாளர் பொன்னி. வயது நாற்பத்தாறு. படாளத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் மகள். நர்ஸ் வேலை பார்த்துவிட்டு இதற்கு வந்தவர். ஸ்கூட்டரில் ஹாரன் வேலை செய்யாது. "ஓரம், ஓரம்!" என்று வாயாலேயே கத்திக்கொண்டு போவார்.

காலையில் ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை பார்ப்பார். மாலையில் வாலிபால். ஆறாவது பிளாக்குக்கும் ஒன்பதாவது பிளாக்குக்கும் பகை; எதனால் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதில் இரண்டு பேர் செத்திருக்கிறார்கள். பொன்னி இரண்டு பிளாக் பையன்களையும் கலந்துதான் அணி பிரிப்பார். அவர் வந்து பதினாறு மாதம் வரை ஒரு வெட்டு விழவில்லை.

கடந்த ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பதாவது பிளாக் துரை வந்து எதிரே உட்கார்ந்தான். குடியை விட்டு எட்டு மாதம் ஆனவன். நாடி எழுபத்திரண்டு.

"சூப்பரா கீது நைனா."

"எல்லாம் உன்னாலதான்க்கா" என்று சிரித்துவிட்டுப் போனான்.

பதினொரு மணிக்கு போன் வந்தது. ஆறாவது பிளாக் ரோஹித்தைப் பேருந்து நிறுத்தத்தில் வெட்டிவிட்டார்கள். பொன்னி மருத்துவமனைக்கு ஓடியபோது அவனை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வெளியே அவன் அண்ணன் கார்த்தி நின்றிருந்தான். சட்டையெல்லாம் தம்பியின் ரத்தம்.

"யார்ரா செஞ்சது?"

"உன் துரைதான்."

பொன்னி இல்லை என்று தலையாட்டினார். "எழுபத்திரண்டுடா... காலையில எழுபத்திரண்டுதான் இருந்துச்சு" என்றார். கார்த்திக்கு ஒன்றும் புரியவில்லை. கோபம் இருந்தால் நாடி காட்டிக்கொடுத்துவிடும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தார். முடிவே செய்துவிட்டவனின் நாடி அமைதியாக ஓடும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அந்தக் கையையா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தன் இரண்டு விரல்களையும் பார்த்தார்.

கார்த்தி கிளம்பினான். "நவுருக்கா. அவன் வூட்டாண்ட போறேன்."

"அவன் ஓடியிருப்பான். வூட்ல அவன் தங்கச்சி கவியாதான் கீது. ப்ளஸ் டூ படிக்குது. அத்த வெட்டுவியா?"

"என் தம்பி உள்ள சாவக் கெடக்கிறான்!"

"தெரியும். அவனுக்கு ரத்தம் தேடிகினு கீறாங்க. ஓ நெகட்டிவ். லேசுல கெடைக்காது." பொன்னி வழியை விடவில்லை. "முகாம்ல நான்தான உங்க ரெண்டு பேருக்கும் பிளட் குரூப் பாத்து எழுதினேன்? உனுக்கும் அதேதான்டா. நீ அங்க போய்ட்டா இவனுக்கு யாரு குடுப்பா?"

ரோஹித் பிழைத்துக்கொண்டதும், மறுநாள் துரை காவல் நிலையத்தில் சரணடைந்ததும் பிறகு நடந்தவை. அப்போது கார்த்தி அறுவை சிகிச்சை அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சட்டைக்குள் முதுகுப் பக்கம் கையை விட்டு, செய்தித்தாள் சுற்றிய கத்தியை உருவி நீட்டினான்.

பொன்னி அதை வாங்கி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில் பைக்குள் வைத்தார். ஜிப்பை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். விரல்கள் நழுவின.

கார்த்தி குனிந்து, அந்தப் பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினான்.