மீட்டர் அக்காவும் தூங்காத காரும்

என் அண்ணியைத் தெருவில் எல்லோரும் மீட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கார்களின் மின்சாரக் கோளாறு பார்ப்பது அவர் தொழில். கழுத்தில் சதா மின்சாரம் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் தொங்கும். எஞ்சின் வேலை என்னுடையது. பட்டறை இருவருக்கும் பொது, சண்டையும் பொது.

அன்று காலை கயிறு கட்டி இழுத்துவந்த அந்தச் சொகுசுக் காருக்கு இருபது வயது. அதற்கு இல்லாத வியாதி இல்லை. பின்பக்கம் தரையோடு படுத்துக்கொள்ளும். கண்ணாடி இறங்கினால் ஏறாது. டேஷ்போர்டில் கண்ட விளக்கும் எரியும். போதாக்குறைக்குத் தினமும் விடிந்தால் பேட்டரி செத்துக் கிடக்கும்.

கூடவே வந்தவர் ஓய்வுபெற்ற டிரைவர். முதலாளிக்காக ஓட்டிய கார், கடைசியில் அவருக்கே வந்துவிட்டது.

"நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரன் லாரி வருதும்மா. என் மகன் சொல்லிவிட்டுட்டான்," என்றார். "என் வீட்டுக்காரிக்கு முட்டி மடங்காது. வாரா வாரம் ஆஸ்பத்திரி போகணும். வேற வண்டியில உக்காந்தா வலியில கத்துறா."

"நாலு மணி வரைக்கும் இது என் வண்டி சார்," என்றார் அண்ணி.

நான் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தேன். மூன்று பட்டறைகள் கைவிட்ட வண்டி!

இந்த மாதிரிக் கார்களை நிறுத்திப் பூட்டினால், உள்ளே இருக்கும் மின்பெட்டிகள் ஒவ்வொன்றாக அணைந்து இருபது நிமிடத்தில் வண்டி தூங்க வேண்டும். எது தூங்கவில்லையோ அதுதான் பேட்டரியைக் குடிக்கிறது. டிக்கியில் இருந்த பேட்டரியில் அண்ணி மீட்டரைக் கோத்தார். டிக்கி திறந்திருப்பது காருக்குத் தெரியாமலிருக்க, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிய மாதிரி ஏமாற்றினார். காத்திருந்தோம். எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று மீட்டர் காட்டும் எண் இறங்கும், ஆர்வம் தாங்காமல் நான் எட்டிப் பார்ப்பேன், சட்டென்று ஏறிவிடும். மறுபடி முதலிலிருந்து. இப்படியே மதியம் ஒன்றரை ஆகிவிட்டது.

அண்ணி திடீரென்று என் சட்டைப்பையைப் பார்த்தார்.

"தம்பி, சாவி எங்க?"

சாவி என் பையில்! அது பக்கத்தில் வந்தாலே ஓனர் வந்துவிட்டார் என்று அந்தக் கார் விழித்துக்கொள்ளும். மூன்று மணி நேரமாக அதைத் தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டிருந்தவன் நான்தான்.

"வெளிய போ! தெருக்கோடிக்குப் போய் நில்லு!"

அவமானம் பிடுங்கித் தின்ன, டிரைவர் கையில் சாவியைக் கொடுத்துத் தெருக்கோடிக்கு அனுப்பிவிட்டு, நான் சுவரோரம் மூச்சுவிடாமல் நின்றேன். இப்போது எண் இரண்டு ஆம்பியருக்கு வந்து அங்கேயே நின்றது. அண்ணி ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினார். எட்டாவதைப் பிடுங்கியதும் எண் தொபுக்கென்று விழுந்தது.

"மாட்டிக்கிச்சு!" என்று கத்தினார்.

அந்த ஃபியூஸின் ஒயர் போன வழியே டிக்கி விரிப்பைத் தூக்கினோம். அடியில் குளம்! மழைத்தண்ணீர் வெளியேறும் ரப்பர் குழாய் சேற்றில் அடைத்து, பின்பக்கத்தைத் தூக்கும் மின்பெட்டி ஊறிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. குழாயைக் குத்திவிட்டேன். அண்ணி பெட்டியைத் திறந்து, ஒயர் மாட்டும் பித்தளைக் கால்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து, தலைமுடி உலர்த்தும் மெஷினால் ஈரம் போகக் காயவைத்து மாட்டினார். ஃபியூஸைச் சொருகும்போது மணி மூன்றரை தாண்டியிருந்தது.

மறுபடி இருபது நிமிடம். எண் ஒன்றரை, ஒன்று, அரை என்று இறங்கியது. என் நெஞ்சு அடித்துக்கொண்டதில் காரே எழுந்துவிடுமோ என்றிருந்தது. கடைசியில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் அசையாமல் நின்றது. அண்ணி என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தார். சந்தோஷத்தில் எனக்கு வலிக்கவே இல்லை.

நான் தெருக்கோடியைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அதே நேரம் பழைய இரும்பு லாரியும் தெருவுக்குள் திரும்பி ஹாரனை அழுத்தியது. டிரைவர் அதன் குறுக்கே போய் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"அடிக்காதப்பா! இப்பதான் தூங்கியிருக்கு!"

லாரிக்காரர் ஒன்றும் புரியாமல் திருதிருவென்று விழித்தார். நானும் அண்ணியும் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் டிரைவர் அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார்.

"நாளைக்கு நம்ம வண்டியிலதான் போறோம். நீ காலை நீட்டியே உக்காந்துக்க."

போனுக்குள் அந்த அம்மா விசும்பியது எங்கள் இருவருக்கும் கேட்டது.