தாய் எண்டு நான் எழுதின மீன்

கரையில ஒதுங்கின சாதாழை எண்ட கடற்புல்லு அழுகின மணம்... மண்டைதீவில நான் முதன்முதல் படிப்பிக்கப் போன பள்ளிக்கூடத்தை நினைச்சா அதுதான் முதல்ல மூக்குக்கு வரும்.

நாரந்தனையில இருந்து பஸ்ஸில போய் வாற புது சயன்ஸ் ரீச்சர். எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு நடப்பு வேற எனக்கு!

ஆறாம் வகுப்பில வதனி எண்டு ஒரு பிள்ளை. தாய் வெளிநாட்டில வீட்டுவேலை. தகப்பன் சின்னராசா அண்ணை வலை போடுறவர். காலமையில தொழிலால வந்து, சமைச்சு, மகளுக்குத் தலை இழுத்து ரெட்டைப் பின்னல் பின்னி விடுறதும் அவர்தான். ஊர் சிரிக்கும்.

நானும் சும்மா இருந்தனானே?

"பெட்டைப்பிள்ளை அண்ணை... ஆம்பிளை தனிய வளக்க ஏலாது. ரவுனில ஹொஸ்டலில விடுங்கோ."

"ஓம் ரீச்சர், யோசிக்கிறன்" எண்டார். அடுத்த தவணைக்கு அனுப்புறதா முடிவும் எடுத்திட்டார். வதனி ரெண்டு நாள் கடைசி வாங்கில போய் இருந்தாள்.

அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில கண்காட்சி. வதனி வாளியில ஒரு மீன் கொண்டு வந்தாள். அப்பான்ர வலையில வந்ததாம்.

பச்சையா, சாதாழை இலை மாதிரியே இருந்தது. குதிரை மூஞ்சி, குழாய் வாய். செதில் இல்லை, உடம்பு முழுக்க எலும்பு வளையம். ஒரு கண் என்னைப் பாக்க, மற்றது வேற எங்கேயோ பாக்குது! வால் நுனியால ஒரு தண்டைச் சுத்திப் பிடிச்சு, தண்ணி ஆட ஆட தானும் ஆடினது. வயித்தில நெருக்கமா முட்டை.

"குழாய் மீன் – தாய்" எண்டு மட்டையில எழுதி வைச்சன்.

பேந்து ஒரு சந்தேகத்தில அலுமாரியில கிடந்த புத்தகத்தைப் பாத்தா... பெண் முட்டையை ஆணின்ர வயித்தில ஒட்டிவிட்டிட்டுப் போயிடுமாம். பொரிக்கும் வரைக்கும் சுமக்கிறது தகப்பனாம்.

வெக்கமாப் போச்சு. மட்டையில "தாய்" எண்டதை வெட்டி "தகப்பன்" எண்டு எழுதினன்.

கண்காட்சிக்கு வந்த சின்னராசா அண்ணை அதைக் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டார்.

"நான் அண்டைக்குச் சொன்னது பிழை அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் வாளியைப் பாத்துச் சிரிச்சார். "உவர் தன்ர பிள்ளையள் ஒருத்தரையும் ஹொஸ்டலில விடேல்லைப் போல, ரீச்சர்."

பின்னேரமே தகப்பனும் மகளுமாப் போய் மீனைக் கடலில விட்டிட்டு வந்தினம். ஹொஸ்டல் கதை அதோட சரி.

வருசம் எத்தினையோ போச்சு. போன மாசம் ஊர்காவற்றுறையில கிளினிக்குக்குப் போனன். கைக்குழந்தையோட மூண்டு இளம் அப்பாமார் வரிசையில. ஒருத்தன் வதனியின்ர புருசன், அவள் வேலைக்குப் போயிட்டாளாம். பிள்ளை வீரிட்டு அழ, எழும்பித் தோளில போட்டுத் தாலாட்டினான்.

ஒருத்தரும் சிரிக்கேல்லை. திரும்பிக்கூடப் பாக்கேல்லை.

நான் மட்டும்தான் கண் கலங்கிப் பாத்துக்கொண்டு இருந்தன்.