வாயில் கவ்விய தேயிலை

பாதையோரம் வண்டியை நிறுத்தி, தேயிலைச் செடியோடு படம் எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த டயகமப் பக்கத்துப் பாடசாலையொன்றின் காலைக் கூட்டத்தில் அந்த இலையை வேறு விதமாகப் பார்த்தவள் நான். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் உதடுகளுக்கிடையில் ஆளுக்கொரு முற்றிய இலையைக் கவ்விக்கொண்டு வரிசையாக நின்றார்கள். இலை விழுந்தால் தூறலில் தனியே நிற்க வேண்டும்.

பொறுப்பாசிரியை பெருமையோடு என்னிடம் வந்தார். "மிஸ், நீங்க சொல்லிக் குடுத்தத அப்படியே செய்யுறோம். பாருங்க, ஒரு புள்ளகூட வாயத் தொறக்கல."

பாடசாலைப் பிள்ளைகளின் பல் சிகிச்சைதான் என் வேலை. போன தவணையில் இந்த ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்திருந்தேன். எப்போதும் வாயால் மூச்சுவிடும் பிள்ளை மக்குமில்லை, சோம்பேறியுமில்லை. மூக்கு அடைத்திருக்கலாம், இரவில் தூக்கம் கெட்டு வகுப்பில் தூங்கி விழலாம். திட்டாதீர்கள், பெற்றோரைக் கூப்பிட்டு வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள் என்று தொண்டை வற்றச் சொன்னேன். முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர் இவர்தான். பெற்றோரோடு பேச, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேடேற வேண்டும். இலையைக் கவ்வ வைப்பது சுலபம்.

தரம் மூன்றுப் பிள்ளையொருத்திக்குக் கண்ணில் நீர் முட்டியது. மூக்கில் காற்றுப் போகவில்லை. இலையைத் துப்பிவிட்டு வாயைப் பிளந்து மூச்சிழுத்தாள்.

"பாத்தீங்களா, இவ ஒருத்திதான் அடங்க மாட்டா."

அத்தனை பேர் முன்னிலையிலும் அவரோடு சண்டை போட்டேன். "பழக்கினா பழகிரும் மிஸ்" என்றே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதிபரிடம் முறையிட்ட பிறகு இலை நின்றது. ஆனால் அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

தேடிக்கொண்டு லயத்துக்குப் போனேன். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த தாய், நான் சொன்னதைக் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குக் காட்டணுமா? எங்கிட்ட யாருமே சொல்லலையே மிஸ். வாயத் தொறந்தா டீச்சர் வெளிய நிப்பாட்டுறாங்கன்னு புள்ள அழுதுச்சு. அப்ப மூடித் தொலையேன்டின்னு நானும் ரெண்டு வச்சேன்."

மறுநாளே கூட்டிப் போவதாக அழுதுகொண்டே சொன்னாள். அவளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. என் கோபமெல்லாம் அந்தப் பொறுப்பாசிரியை மேல்தான். இன்றுவரை அது ஆறவில்லை.

கதவோரம் வாயைத் திறந்தபடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள். உடனே உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.

"வேணாம்மா, தொறந்துக்க" என்றேன்.

இன்னும் இறுக்கினாள். முகம் சிவந்துகொண்டே வந்தது. நான் அங்கே நிற்கும்வரை அவள் மூச்சுவிடப் போவதில்லை. சொல்லிக்கொள்ளாமலே அவசரமாகப் படியிறங்கினேன்.