பொத்தான், பொத்தான் என்று கூப்பிட்டார்கள்

அவளுக்கு அடையாள அட்டையில் ஒரு பேர் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், பக்கத்தில் நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்ப்பாள், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று. மூன்று வயதில், தையல்காரரான அப்பாவின் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து விளையாடியவள் வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஒன்றை விழுங்கிவிட்டாள். அது வெளியே வரும்வரை வீடே அவள் பின்னால் காவல் காத்தது. வந்த பிறகு அப்பா அதைக் கழுவி, வாடிக்கையாளரின் சட்டையிலேயே தைத்துக் கொடுத்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். அப்பா கடைசிவரை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. பிள்ளைக்குப் 'பொத்தான்' என்ற பேர்தான் நிலைத்தது.

வளர்ந்ததும் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிற வேலைக்குப் போனாள். ஆள் குள்ளம். மேஜை எட்டாமல் ஒரு மரப்பெட்டியைப் போட்டு ஏறி நின்றுதான் பிசைவாள். ஒருநாள் மிஞ்சிய மாவைச் சின்ன வட்டங்களாகத் தட்டி, விரலால் நாலு குழி குத்தி, குழிக்குள் வெண்ணெயும் சர்க்கரையும் வைத்து அடுப்பில் தள்ளினாள். வேலைக்காரர்கள் சாப்பிடத்தான் செய்தாள். முதலாளி ஒன்றை எடுத்துக் கடித்தார். "யாரு பண்ணினது?" என்றார். "பொத்தான்" என்றார்கள். அவர் பன்னின் பேரைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் கண்ணாடி அலமாரியில் 'பொத்தான் பன்' என்று ஒரு சீட்டு தொங்கியது.

அந்தப் பன்னுக்குக் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்ததும் பஸ் நின்றது. பேக்கரி முன்னால் இருந்த முச்சந்திக்கு அதுவரை ஒரு பேரும் கிடையாது. கண்டக்டர்கள் "பொத்தான் எல்லாம் இறங்கு" என்று கத்த ஆரம்பித்தார்கள். சில வருஷத்தில் ஸ்டாப்புக்குப் பலகை வைத்தபோது அதிலும் அதையே எழுதிவிட்டார்கள்.

பேக்கரியில் சர்க்கரை அரைக்கிற மெஷினின் மோட்டார் எரிந்துபோய், அதன் செம்புக் கம்பிக் காயிலைப் புதிதாகக் கட்ட வந்தவர்தான் பிறகு அவளுக்குப் புருஷன் ஆனார். தெருவில் எல்லோருக்கும் அவர் மோட்டார்காரர். வேலை முடிந்து கை கழுவியவரிடம், "பொத்தான் வேணுமா?" என்று அவள் தட்டை நீட்டினாள்.

"எந்தப் பொத்தான்? பன்னா, ஸ்டாப்பா, ஆளா?"

"அதுல ஒண்ணுதான் விற்பனைக்கு."

அவர் பன்னை வாங்கித் தின்றுவிட்டுப் போனார். அடுத்த மாதமே அந்த மோட்டார் மறுபடியும் எரிந்தது. தானாக எரிந்ததா, காயிலை அவர் தளர்வாகக் கட்டிவிட்டுப் போனாரா என்று அவள் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சிரிப்பதோடு சரி.

ஒரே மகள், கட்டிக்கொடுத்து வெளியூரில் இருக்கிறாள். பழைய முதலாளி போன பிறகு அவர் மகன் அந்தக் கட்டடத்தை இடித்தான். ஊரின் மறுகோடியில், பஸ்கள் கடைசியாகப் போய் நிற்கிற இடத்தில், கண்ணாடி வைத்த பெரிய கடையாகத் திறந்து, வாசலில் 'பொத்தான்' என்று விளக்கெழுத்து மாட்டினான். அந்த இடத்துக்கும் அதே பேர் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாள் 'பழைய பொத்தான்', 'புதுப் பொத்தான்' என்று பிரித்துச் சொன்னார்கள். அப்புறம் அவசரத்தில் இரண்டும் வெறும் பொத்தான் ஆகிவிட்டது. அங்கே மாவு பிசைய மெஷின் இருந்தது. அவளைக் கூப்பிடவில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைக்க மாட்டாள் என்றார்கள், பிழைத்தாள். ஆனால் வீட்டுக்கு வந்தது பாதி ஆள். முதலில் பாத்திரங்களின் பேர் போனது. கரண்டியைக் கேட்கக் கையை ஆட்டுவாள். பிறகு தெருவின் பேர், கிழமைகளின் பேர். ஒருநாள் மகள் வந்து கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சியபோது, "யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்று கேட்டாள். மகள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே நின்று அழுதாள். கடைசியில் அவளிடம் முழுசாக மிஞ்சியது ஒரே ஒரு பேர்தான். "பொத்தான்" என்றால் திரும்புவாள். "நீ யாரு?" என்றால் "பொத்தான்" என்பாள்.

மோட்டார்காரர் தன் தொலைபேசி எண்ணை ஒரு அட்டையில் எழுதி, கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் போட்டிருந்தார். அன்று காலையில் அவளைக் குளிப்பாட்டும்போது அதைக் கழற்றி ஆணியில் மாட்டினார். உடை மாற்றி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தானும் குளிக்கப் போனார். தலை துவட்டிக்கொண்டு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. கதவு திறந்திருந்தது. அட்டை ஆணியிலேயே தொங்கியது.

தெருவின் இரண்டு முனைக்கும் ஓடினார். மொட்டைமாடி, மாடிப்படிக்குக் கீழே, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தார். தொட்டி மூடியைத் தூக்கும்போது அது நழுவிக் காலில் விழுந்தது. அவளுடைய தம்பி வேன் ஓட்டுகிறவன். அவனுக்குப் போன் செய்தார். அவன் வந்து சேர்ந்ததும் நேரே போலீஸ் ஸ்டேஷன் போனார்கள்.

"என்னய்யா?" என்றார் ஏட்டு.

"பொத்தானைக் காணோம் சார்."

ஏட்டு அவர் சட்டையைப் பார்த்தார். அவசரத்தில் மாட்டியதில் பொத்தான்கள் மேலும் கீழுமாகத்தான் இருந்தன. "அதுக்கு இங்க எதுக்கு வந்தே? வீட்டுல ஊசி நூல் இல்லையா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். தம்பி முன்னால் வந்து, "எங்க அக்கா சார். இவரு பொண்டாட்டி. ஞாபகம் சரியில்லாதவங்க" என்றான். ஏட்டின் முகம் மாறியது. உட்காரச் சொன்னார். பேர் கேட்டார். மோட்டார்காரர் அடையாள அட்டையில் இருந்த பேரைச் சொன்னார்.  அந்தப் பேரைச் சொல்லி ஊரெல்லாம் தேடினாலும் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அங்கிருந்து பழைய ஸ்டாப்புக்குப் போனார்கள். பேக்கரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஓரத்தில் செருப்புத் தைக்கிறவர் அவளை நெடுநாளாக அறிந்தவர்.

"வந்தாங்களே. இங்கதான் நின்னுட்டு இருந்தாங்க. கடையையே பார்த்துட்டு இருந்தாங்க."

"அப்புறம்?"

"பஸ் வந்துச்சு. கண்டக்டர் படியில தொங்கிட்டு, 'பொத்தான், பொத்தான், வா வா'ன்னு கூவினாரு. அந்தக் கோடிக்குப் போற பஸ்ஸு. இவங்க முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். வேகமாப் போய் ஏறிட்டாங்க. நான் உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

மோட்டார்காரர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷமாக அவளை யாரும் வெளியே வா என்று கூப்பிட்டதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

தம்பி வேனை ஓட்டிய ஓட்டத்தில் இரண்டு இடத்தில் திட்டு வாங்கினான். மறுகோடியில் அந்தக் கண்டக்டரே கிடைத்தார். "ஆமா, ஒரு குள்ளமான அம்மா. எங்க போகணும்னேன், பொத்தான்னாங்க. இடம் சரியாத்தானே சொல்றாங்கன்னு கடைசில இறக்கிவிட்டேன். தப்பா?" என்று கேட்டார்.  மோட்டார்காரர் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தார்.

எதிரே கடை. உள்ளே கூட்டம். மோட்டார்காரர் வரிசையை விலக்கிக்கொண்டு போய், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மூச்சு வாங்கக் கேட்டார்: "பொத்தான் இங்க இருக்கா?"

"தீர்ந்துபோச்சு சார்" என்றாள் அந்தப் பெண், நிமிராமலே.

 அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பன்னைத்தான் சொல்கிறாள் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தச் சொல் உள்ளே இறங்கிவிட்டது. தம்பிதான் போனில் இருந்த படத்தைக் காட்டினான்.

படத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "வந்தாங்க. யாரையும் கேட்காம உள்ள போயி, குழாயில கை கழுவிட்டு, மாவு மேஜைகிட்ட நின்னுட்டாங்க. காலால எதையோ தேடினாங்க, ஏறி நிக்கறதுக்கு. யாரும்மா நீங்கன்னு கேட்டா, 'பொத்தான்'ங்கறாங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நானும்தான். அப்புறம் வாட்ச்மேன் வெளியில கொண்டு போய் விட்டுட்டாரு."

"கையைப் பிடிச்சு இழுத்தானா?" என்றார் மோட்டார்காரர்.

அவள் காலித் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

அன்று முழுக்க அந்தப் பக்கத்துச் சந்துகளை அளந்தார்கள். கடைகடையாகப் படத்தைக் காட்டினார்கள். ஒருவர் வடக்கே போனாள் என்றார், ஒருவர் தெற்கே என்றார். மோட்டார்காரர் தெருவின் நடுவில் நின்று, "பொத்தான்... பொத்தான்..." என்று கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனவர் நின்று, "அதோ, அந்த விளக்கு எரியுதே, அதான் பொத்தான்" என்று அக்கறையாகக் கைகாட்டினார். இன்னொரு அம்மா, அஞ்சு மணிக்குச் சூடாகப் போடுவார்கள் என்றாள். கெட்டவர்கள் யாரும் இல்லை. கேட்டவர்களெல்லாம் அவருக்கு உதவிதான் செய்தார்கள். அதுதான் அவரைக் கொன்றது. தொண்டை கட்டி, கடைசியில் அவர் கூப்பிடுவதையே விட்டுவிட்டு, முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார்.

"மாமா, ஒரு வாய் ஏதாவது சாப்பிடுங்க" என்றான் தம்பி.

"அவ சாப்பிட்டிருப்பாளா மச்சான்?"

அவன் வாங்கி வந்ததை இருவரும் வேனிலேயே வைத்துவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முன்னறையில் விசாரித்ததில் அந்தப் பேரில் யாரும் இல்லை என்றார்கள். பிணவறையைப் பார்க்கிறீர்களா என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். மோட்டார்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தம்பி தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இல்லை என்று தலையாட்டினான். மோட்டார்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு வார்டு வார்டாக நடந்தார்கள்.

எலும்பு முறிவு வார்டில் ஒரு நர்ஸ் சொன்னாள்: "பேர் தெரியாத ஒரு அம்மா இருக்காங்க. ரோட்டைத் தாண்டும்போது ஸ்கூட்டர் இடிச்சுடுச்சு. இடுப்பு எலும்பு. நேத்துலருந்து அந்தப் பன்னைக் கேட்டுட்டே இருக்காங்க. பசிக்குதுன்னு நான் வாங்கிக்கூடக் கொடுத்துட்டேன். சாப்பிட மாட்டேங்குறாங்க. எல்லாத்தையும் போர்வை மேல வரிசையா அடுக்கிவச்சிருக்காங்க."

"எந்தப் பன்னு?"

"பொத்தான்."

மோட்டார்காரர் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ பன்னு கேட்கலம்மா. நீங்க பேர் கேட்டிருப்பீங்க. அவ சொல்லியிருக்கா."

ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். அரை ஆள் ஆகியிருந்தாள். மணிக்கட்டில், விரல் பட்ட இடங்கள் நீலமாகக் கன்றியிருந்தன. போர்வையில் பன்கள் அடுப்புத் தட்டில் வைத்த மாதிரி வரிசையாக இருந்தன. அவர் குனிந்து "பொத்தான்" என்றார். திரும்பினாள். பார்த்தாள். "எங்க போயிட்டீங்க?" என்று கேட்டாள். தொலைந்தது அவர்தான் என்பதுபோல. தம்பி வராந்தாவுக்குப் போய்விட்டான்.

அத்தோடு நல்லபடியாக முடிந்தது என்று சொல்லத்தான் ஆசை. இடுப்பு சேரவே இல்லை. வீட்டுக்கு வந்தவள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. கதவைப் பூட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.  மோட்டார்காரர் தன் ரிப்பேர் கடையைக் காலி செய்து, செம்புக் கம்பிச் சுருள்களையும் பழைய மோட்டார்களையும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து போட்டார். அவள் பார்க்க, அவர் காயில் கட்டினார். பேக்கரி முதலாளி மகன் ஒருநாள் பழக்கூடையோடு வந்தான். வாசலிலேயே நிறுத்தி, "அவ தூங்குறா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் தூங்கவில்லை.

மகள் வந்து இரண்டு மாதம் இருந்தாள். போகும்போது, "அப்பா, என்கூட வந்துடுங்க, ரெண்டு பேரும்" என்றாள். "உங்கம்மாவுக்கு இந்த ஜன்னல் பழகிடுச்சு" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், கம்பியை வெட்டிக்கொண்டே எதற்கோ "பொத்தான்" என்று கூப்பிட்டார். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். அசையவில்லை. எழுந்து போய் முகத்துக்கு நேராக நின்று, மெதுவாக, பலமாக, செல்லமாக, அழுகையோடு என்று எல்லா விதமாகவும் கூப்பிட்டார். அந்தச் சொல்லும் போய்விட்டிருந்தது. அடையாள அட்டையில் இருந்த பேரையும் சொல்லிப் பார்த்தார். அதற்கு அவள் முன்பே திரும்பியதில்லை.

அன்று இரவு தம்பிக்குப் போன் செய்து, "இனிமே அவளை எப்படிக் கூப்பிடறது மச்சான்?" என்று கேட்டார்.  

இப்போதெல்லாம் அவர் கூப்பிடுவதில்லை. கஞ்சி கொடுக்கும் நேரத்தில் வேலையை நிறுத்தி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, சூடு வரத் தேய்த்துக்கொண்டு வந்து அவள் தோளைத் தொடுகிறார். சில நாள் திரும்புகிறாள். சில நாள் கை அங்கேயே கிடக்கிறது. கஞ்சி ஆறிவிடுகிறது, மறுபடி சூடு பண்ணுகிறார்.