காத்து சாரும் நாற்பத்திரண்டு சன்னல்களும்

வாசலைத் தாண்டியதும் வலது மணிக்கட்டைத் திருப்பி, உட்புறத்தைக் காற்றில் காட்டிக்கொண்டே நடக்கிறார். இடது மணிக்கட்டில் கடிகாரம். வலது மணிக்கட்டு காற்றுக்கென்று ஒதுக்கியது. தரையில் பதித்த சல்லடைகளின் மேல் ஒரு நொடி, தூண் மறைவில் ஒரு நொடி, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு நொடி நிற்கிறார். "இங்க கொஞ்சம் சோம்பலா இருக்கு" என்கிறார். சோம்பல் காற்றுக்கு.

அறிவியல் அருங்காட்சியகத்தில் அவர் கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளர். அடையாள அட்டைதான் அப்படிச் சொல்கிறது. துப்புரவுப் பெண்களிலிருந்து இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் காத்து சார். பதினோரு வருடமாக இருக்கிறார். உள்ளே முந்நூறு சொச்சம் பொத்தான்கள் உண்டு. ஒன்றைக்கூட அழுத்திப் பார்த்ததில்லை. காட்சிப்பொருள்களை அவருக்குத் தெரியும், ஆனால் வைத்தியருக்கு நோயாளியைத் தெரிகிற மாதிரி. டைனோசர் எலும்புக்கூடு "ஈரம் ஆகாத ஆளு". கோளரங்கத்துக்கு "மத்தியானமானா மூச்சு முட்டும்".

பார்வையாளர்களை அவர் தலையாக எண்ணுவதில்லை. "நேத்து எண்ணூறு மூச்சு" என்பார். ஒரு மனிதர் சும்மா நின்றாலே ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குச் சூடு தருகிறார் என்பது அவருக்கு மனப்பாடம். "பிள்ளைங்க கணக்கு வேற. ஓடாத பிள்ளை அரை பல்பு, ஓடற பிள்ளை ரெண்டு பல்பு. ஓடாத பிள்ளையை நான் இன்னும் பாக்கல."

இவ்வளவு இருந்தும் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கழுத்தில் வருடம் முழுவதும் மஃப்ளர். பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தால் பக்கத்தில் நிற்பவருக்குத் தானம் செய்துவிடுவார். வீட்டில் மனைவி இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருக்கிறார். "அங்க நாலு மாடி உயரத்துல சன்னலைத் தொறந்து வெச்சு ஊருக்கே காத்து குடுக்கிறாரு. இங்க சமையக்கட்டுச் சன்னலைத் தொறந்தா மூணு தும்மல்." அவர் மறுப்பதில்லை. "அது வேலை, இது மூக்கு" என்பார்.

அவர் உயிரை வைத்திருப்பது நடுக்கூடத்தில். நான்கு மாடி உயரம், கண்ணாடிக் கூரை. ஏசி என்று ஒரு பொருள் கிடையாது. நிலத்தடியில் நீளமாக ஒரு சுரங்கம். அதன் வழியாக வரும் காற்று மண்ணின் குளிர்ச்சியை வாங்கிக்கொண்டு தரைச் சல்லடைகளில் எட்டிப்பார்க்கும். கூட்டத்தின் சூடு அதை மேலே தள்ளும். கூரையில் சின்ன மோட்டார்கள் வைத்த நாற்பத்திரண்டு சன்னல்கள் தாமாகத் திறந்து அதை வழியனுப்பும். "வந்தவங்க சூட்டை வெச்சே வந்தவங்களைக் குளிர வெக்கிறோம். இதைவிடச் சிக்கனம் என் மாமியார்கூடப் பண்ணினதில்ல." சன்னல் ஒவ்வொன்றின் குணமும் அவருக்குத் தெரியும். பத்தொன்பதாவது முரண்டு பிடிக்கும்.

அந்தச் சன்னல்களுக்குத்தான் போன மாதம் ஆபத்து வந்தது.

கூடத்தின் நடுவே நீண்ட கம்பியில் ஒரு பித்தளைக் குண்டு ஊசலாடுகிறது. சுற்றிலும் வட்டமாகச் சின்ன மரக்குச்சிகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஊசல் தன் தடத்திலேயே ஆட, அடியில் பூமி திரும்புவதால், குண்டு குச்சிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். வழிகாட்டிப் பெண் நேரம் சொல்லுவாள், குச்சி விழும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். மூன்று வாரமாகக் குச்சி விழவில்லை. நேராக ஆட வேண்டிய குண்டு முட்டை வடிவத்தில் வளைந்து, குச்சிக்கு விரற்கடை தள்ளிப் போனது. "அக்கா, பூமி நின்னுபோச்சா?" என்று ஒரு சிறுமி கேட்டுவிட்டாள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கடிதமே எழுதினார்: தங்கள் நிறுவனத்தில் பூமி ஒழுங்காகச் சுற்றவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இயக்குநர் அம்மையார் கடிதத்தை மேசையில் வைத்தார். "கூரைச் சன்னல்ல வர்ற காத்துதான் ஆட்டுது. நாற்பத்திரண்டையும் அடைச்சிட்டு பெரிய ஏசி மெஷின் போட்டுடலாம்னு இருக்கேன்."

"மேடம், மேல இருந்து காத்து வெளியதான் போகும், உள்ள வராது."

"அப்ப குச்சி ஏன் விழலை?"

காத்து சார் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார். "ரெண்டு நாள் குடுங்க" என்றார்.

முதல் நாள் கூரையடி நடைபாதையில் ஏறி நின்று, டிஷ்யூ காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து ஊசல் கம்பியருகே பிடித்தார். அசையவில்லை. இரண்டாம் நாள் கீழே வந்து கைப்பிடிக் கம்பியோரம் பிடித்தார். அங்கும் பேச்சு மூச்சில்லை. பதினொரு மணிக்கு ஒரு பள்ளிக்கூடம் வந்தது. நாற்பது பிள்ளைகள் கைப்பிடியில் மோவாயை ஊன்றிக் குச்சிக்குக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் காகிதம் எழுந்து படபடத்தது. தரைச் சல்லடைகள் முழுதாகத் திறந்து சீறிக்கொண்டிருந்தன. கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினார். நாற்பது பேருக்குக் கணினி எண்ணூறு பேர் என்று கணக்குக் காட்டியது.

கூட்டம் எவ்வளவு என்பதை மூச்சுக்காற்றை வைத்துக் கணினிக்குச் சொல்வது ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. முதலில் தூணில் எட்டடி உயரத்தில் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் அதைக் கழற்றிக் கைப்பிடியில் பொருத்தியவர் காத்து சார். "பிள்ளைங்க மூச்சு கீழ கிடக்கு, பெட்டி மேல உக்காந்திருந்தா அதுக்கு எப்படித் தெரியும்?" என்பது அன்றைய நியாயம். கட்டடம் முழுக்கத் தேடியவர் அந்தப் பெட்டியைச் சந்தேகிக்கவே இல்லை. தான் செய்த நல்ல காரியத்தில் பிழை தேடும் பழக்கம் அவருக்கும் இல்லை. குச்சி விழும் என்று காத்திருந்த பிள்ளைகள் மூன்று வாரமாக அதன் முகத்திலேயே மூச்சுவிட்டிருக்கிறார்கள். அதுவும் பயந்துபோய்த் தரையைத் திறந்துவிட, கீழிருந்து சீறிய காற்று குண்டைத் தடம் மாற்றியிருக்கிறது.

பெட்டி பழுது என்று சொல்லியிருக்கலாம். பெட்டி எதிர்வாதம் செய்திருக்காது. அவர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு இயக்குநர் முன்னால் நின்றார். "பெட்டி நல்லாத்தான் இருக்கு மேடம். நான் வெச்ச இடம் தப்பு."

"இதை ரிப்போர்ட்ல எப்படிய்யா எழுதறது?"

"நடந்ததை எழுதுங்க. பிள்ளைங்க மூச்சு விட்டாங்க, பூமி தடம் மாறிடுச்சு."

இயக்குநர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நாளைக்குக் குச்சி விழுந்தா சன்னல் இருக்கும். விழலைன்னா மெஷின் வரும்."

மறுநாள் பெட்டி தூணுக்கு ஏறியிருந்தது. பதினொன்று நாற்பதுக்கு விழும் என்று வழிகாட்டிப் பெண் அறிவித்தாள். "காத்து சார், நீங்களும் வாங்க. பதினோரு வருஷத்துல ஒருநாள்கூட நின்னு பாத்ததில்ல." இயக்குநர் கையில் கோப்போடு பின்னால் நின்றார். காத்து சார் இரண்டு சிறுவர்களுக்கு நடுவே புகுந்து கைப்பிடியைப் பிடித்தார்.

"அங்கிள், இது எப்ப விழும்?" என்றான் ஒருவன். அவர் உதட்டை இறுக மூடியபடியே குண்டின் பக்கம் கை காட்டினார்.

குண்டு வந்தது, போனது. இன்னொரு முறை வந்தது. குச்சியை உரசியது போலிருந்தது. அடுத்த வரவில் குச்சி தள்ளாடி, யோசித்து, சாய்ந்தது. பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள். இயக்குநர் கோப்பை மூடினார்.

காத்து சார் ஊசலுக்கு முகத்தைக் காட்டாமல் திரும்பி, வாயை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார்.