முன் மட்கார்டில் ஒரு சிவப்புக் கோடு

மருமகன் டிவியில் கார் பந்தயம் பார்ப்பார். இரண்டு கார் மோதிக்கொண்டால் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். அவ்வளவு காட்டிய பிறகும் இவன் தப்பா அவன் தப்பா என்று நாலு பேர் கோட்டு போட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். எங்கள் காலத்தில் காட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. வண்டியில் பட்ட காயம்தான் சாட்சி. அந்தச் சாட்சியைக் கழுவியவள் நான்.

மாநிலத்துக்குக் கர்நாடகா என்று பெயர் மாறி இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். நான் கொள்ளேகாலிலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அந்த முதலாளிக்குப் பந்தயம் என்றால் உயிர். கறுப்பில் ஒன்று, சிவப்பில் ஒன்று என்று இரண்டு பந்தய வண்டி வைத்திருந்தார். கறுப்பை ஓட்டுவது என் வீட்டுக்காரர். சிவப்பை ஓட்டியவர் எங்கள் வட்டாராவிலேயே மூன்றாவது வீட்டில் இருந்தார். வட்டாரா என்றால் ஒரு வாசல், ஒரு குழாய், ஆறு குடும்பம். அந்த மூன்றாவது வீட்டுக்காரர்கள் மைசூரிலேயே பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் குழாயடியில் எல்லோரும் பிடித்துக்கொண்டு போகட்டும் என்று ஒதுங்கி நிற்கிறவள். அவள்தான், "நீங்க வைங்கக்கா முதல்ல" என்று என் குடத்தைப் பிடுங்கி வைப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் பந்தயம். சுண்ணாம்புக் கோடு போட்டு, கயிறு கட்டி, லாரியில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். இதில் நன்றாக ஓட்டுகிறவரை மெட்ராஸ் பந்தயத்துக்கு அனுப்புவதாக முதலாளி சொல்லியிருந்தார். வழக்கம்போல வண்டியின் முன்னால் இருந்த நம்பர் தகட்டில் குங்குமம் வைத்து அனுப்பினேன். நானும் நர்ஸும் இரண்டாவது திருப்பத்துப் பக்கம் ஒரே குடையில் நின்றோம்.

மோதலை நான் பார்க்கவில்லை. தெளித்த தண்ணீர் அதற்குள் காய்ந்து, திருப்பம் முழுக்கப் புழுதி. சத்தம்தான் கேட்டது. புழுதி அடங்கினபோது சிவப்பு வண்டி கயிற்றுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. பின்னால் வந்த இரண்டு வண்டி அதன் மேலேயே ஏறிப் போயிருந்தன. நர்ஸ் குடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் புருஷனுக்குக் கணுக்கால் உடைந்திருந்தது. என் வீட்டுக்காரர் விழவே இல்லை. கொஞ்ச தூரம் தள்ளி வண்டியை நிறுத்தி, உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஆரம்பித்தது பேச்சு.

"திருப்பத்துக்கு முன்னாடியே நான் பக்கத்துல வந்துட்டனுங்க. அவன் வழியை அடைச்சுட்டான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பக்கத்துலயா? பின்னாடி இருந்து வந்து குத்திட்டுப் பேச்சைப் பாரு!" தரையில் கிடந்தவர் வலியிலும் கத்தினார். "எனக்கு என்ன முதுகுலயா கண்ணு இருக்கு?"

"கண்ணு முன்னாடி இருந்தாப் போதும், அதையாவது தொறந்து வெச்சிருக்கணும்."

கொடி பிடித்தவரைக் கேட்டால், "புழுதில எனக்கு என் கொடியே தெரியலை சாமி" என்று கையை விரித்தார்.

முதலாளி கன்னடக்காரர். எங்களோடு தமிழில் பேசுவார், நடுவில் கன்னடமும் வந்துவிடும். "நோடு, இங்கே பாரு, நியாயம் ஒண்ணுதான்" என்றார். "திருப்பத்துக்கு முன்னாடி பக்கத்துல வந்துட்டா, மத்தவன் வழி விடணும். பின்னாடி இருந்து மூக்கை நுழைச்சா, நுழைச்சவன் தப்பு. அவனை நான் இனி என் வண்டியைத் தொட விடமாட்டேன்."

சிவப்பு வண்டியில் பார்க்க ஒன்றுமில்லை. அது உருண்டு, மிதிபட்டு, எது மோதின காயம் எது விழுந்த காயம் என்று தெரியாமல் கிடந்தது. கறுப்பு வண்டிதான் சொல்ல வேண்டும். கால் வைக்கிற இடத்தில் சிவப்புப் பெயின்ட் பட்டிருந்தால் என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். முன் மட்கார்டில் பட்டிருந்தால் பின்னாலிருந்து இடித்தார். இதை அங்கேயே நின்றவர்கள் ஆளுக்கு ஒரு தடவை சொன்னார்கள். ஆனால் வண்டி முழுக்கச் சேறும் புழுதியும். மேகமும் இருட்டிக்கொண்டு வந்தது. அடிபட்டவரைத் தூக்கி ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றுகிற அவசரத்தில் நானும் நர்ஸோடு போய்விட்டேன். அதற்குப் பிறகு அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கறுப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எப்போதும் கதவுக்கு நேரே நிறுத்துகிறவர், அன்றைக்குத் துவைக்கிற கல்லை ஒட்டி, முன் சக்கரம் சுவரைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பாத்துட்டு வாறேன் அம்மிணி" என்றார். காபி கூடக் குடிக்கவில்லை.

பந்தயம் முடிந்த வண்டியைக் கழுவி வைப்பது என் வேலை. சொல்லிச் செய்கிற வேலை இல்லை. முன்னால் குங்குமம் வைத்தவள், அது சேற்றோடு கலந்து கிடக்க விடலாமா? வாளியில் தண்ணீர் பிடித்தேன். குங்குமம் கரைந்து மட்கார்டில் வழிந்தது. துடைத்தேன். போய்விட்டது. அதற்குக் கீழே இன்னொரு சிவப்பு இருந்தது. என் சுண்டுவிரல் நீளம். மட்கார்டின் முனையில், இடப்பக்கமாக. தண்ணீருக்குப் போகவில்லை. சோப்புக்கும் போகவில்லை. குங்குமம் இல்லை என்று அப்போதே தெரிந்தது.

குனிந்து, கால் வைக்கிற இடத்தைப் பார்த்தேன். அங்கே வெறும் சேறுதான்.

வட்டாராவில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. உள்ளே போய் ஸ்டவ்வுக்கு வைத்திருந்த சீமெண்ணெயில் துணியை நனைத்து எடுத்து வந்தேன்.

மறுநாள் காலை குழாயடியில் நர்ஸ் நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. என் குடத்தை வாங்கவில்லை.

"வண்டி பளபளன்னு இருக்கே அக்கா."

"குங்குமம் வழிஞ்சு கெடந்துதுங்க. கழுவினேன்."

"முதலாளி காலைல வந்து பாக்கற வரைக்கும் யாரும் வண்டியைத் தொடக்கூடாதுன்னு சொல்லி அனுப்பினாராமே. உங்க வீட்டுக்காரர் சொல்லலையா?"

"மறந்திருப்பாருங்க" என்றேன். எனக்கே அது சரியாகப் படவில்லை.

அவள் பொதுக் கொடிக்கயிற்றைப் பார்த்தாள். என் துணி அங்கே காய்ந்துகொண்டிருந்தது. போய் அதன் முனையைப் பிடித்து மோந்தாள்.

"குங்குமம் கழுவ சீமெண்ணெய் எதுக்குக்கா?"

நான் நிரம்பி வழிகிற குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எட்டு மணிக்கு முதலாளி வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். மட்கார்டைக் கையால் தடவினார். வட்டாராவே வாசலுக்கு வந்து நின்றது.

"யாரப்பா கழுவினது?"

"இவதானுங்க" என்றார் என் வீட்டுக்காரர். சிரித்தார். "வண்டி கழுவாட்டி இவளுக்குச் சோறு எறங்காது. ஒரு வார்த்தை சொல்லி வெக்க மறந்துட்டேன், தப்பு என்னுதுதான்."

"நல்லாத்தான் மறந்தே" என்றார் முதலாளி. பிறகு என்னைப் பார்த்தார். அதுவரை அவர் என்னோடு நேராகப் பேசியதே இல்லை. "நீ சொல்லும்மா. கழுவறப்ப சிவப்பு எங்கே இருந்தது?"

எல்லாக் கண்ணும் என் மேல். என் வீட்டுக்காரர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. வண்டியின் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் கொடிக்கயிற்றுப் பக்கம் நின்றாள். துணி இப்போது அவள் கையில் இருந்தது.

"குங்குமந்தாங்க இருந்துது. மத்தது எல்லாம் சேறு" என்றேன்.

நர்ஸ் இப்போது வாயைத் திறப்பாள், இப்போது திறப்பாள் என்று நின்றேன். அவள் திறக்கவில்லை. முதலாளி மட்கார்டை இன்னொரு தடவை தடவினார். "தெரியாம ஒருத்தன் மேல பழி போட என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் மெட்ராஸ் போனார். அங்கே ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆறு வருடம் அந்த முதலாளி வண்டியைத்தான் ஓட்டினார். நர்ஸ் குடும்பம் கணுக்கால் கட்டு பிரித்ததும் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போன அன்றைக்கு மத்தியானம் என் வீட்டு வாசல்படியில் அந்தத் துணி நாலாக மடித்து வைத்திருந்தது. அவள் ஏன் சொல்லாமல் விட்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை.

நான் கேட்காதது போகட்டும். இவர் ஏன் கேட்கவில்லை? மட்கார்டில் என்ன இருந்தது என்று என் புருஷன் ஒரு நாள் கூட என்னைக் கேட்டதில்லை. தன் பக்கம் நியாயம் இருந்தால் முதலில் அதைத்தானே கேட்பார்? கால் வைக்கிற இடத்தில் இருந்த பெயின்டை நான் அழித்துவிட்டேன் என்று என்னைத் திட்டியிருக்க வேண்டாமா? திட்டவே இல்லை. முன் சக்கரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, துவைக்கிற கல்லை ஒட்டி நிறுத்தினது, காபி குடிக்காமல் போனது, முதலாளி சொன்னதை மறந்தது, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை.

அவருக்கு வயதான பிறகு ஒரு தடவை மருமகன் டிவியில் ஏதோ மோதலைப் பார்த்துவிட்டு, "உங்க காலத்துல எப்படி மாமா?" என்று கேட்டார். இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு மேஜையில் இரண்டு தீப்பெட்டியை எடுத்து வைத்தார்.

"இது திருப்பம். இவன் இப்படி வாறான். நான் இங்க இருந்தேன்."

தன் தீப்பெட்டியை அந்தத் தீப்பெட்டிக்குப் பின்னால் வைத்தார். முனை மட்டும் தொடுகிற மாதிரி. கை தன் பாட்டுக்கு வைத்தது.

அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு விரலால் தீப்பெட்டியை மெதுவாக முன்னால் தள்ளி, பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இங்க" என்றார்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பு பற்ற வைக்க வேண்டும் என்று அந்தத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.